முதல் குண்டின் வேகம்

போன வாரம் சுதர்சினி வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். வளைகுடாவில், அல் ஐன் என்ற ஊரில், வேட்டைச் சாமான்கள் விற்கும் கடையொன்றில் நான் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். என் மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். யாழ்ப்பாணத்துப் பெண். இறக்குமதித் தாள்களைப் பார்க்க வந்தவள், நான் ஓய்வு பெற்ற பிறகு தோட்டாக்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறாள்.

"அண்ணை, புதுசா ஒரு தோட்டா வந்திருக்கு. எல்லாரும் திறமெண்டு சொல்லீனம். கம்ப்யூட்டரும் அப்பிடித்தான் சொல்லுது. ஆனா எனக்கு மனம் கேக்குதில்லை. நீங்கள் அந்த நாளையில இப்பிடி ஒண்டை எப்பிடிப் பாத்தனீங்கள் எண்டு கொஞ்சம் எழுதித் தாங்கோவன்."

நான்கு முறை பதில் எழுதி நான்கு முறையும் அழித்தேன். "நன்றாகப் பார்த்து முடிவு செய்" என்று ஒரு வரி போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். போட மனம் வரவில்லை. அவள் கேள்வி என் பழைய தோட்டா ஒன்றைத் தொடுகிறது என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தக் கதையை நான் என் மனைவியையும் இன்னொருவரையும் தவிர யாரிடமும் சொன்னதில்லை. மனைவி இறந்து மூன்று வருடமாகிறது.

இப்போது இதே நாட்டில், முவைலா என்ற இடத்தில், மகள் வீட்டில் இருக்கிறேன். மகளும் மருமகனும் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். பேத்தி மதியம் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி "ஹாய் தாத்தா" என்பாள். அத்தோடு அன்றைய தமிழ் தீர்ந்தது. மீதி நேரம் நானும் ஏசியும்தான். ஆகவே எழுத எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை.

படிப்பு, பயிற்சி எல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் டிப்ளமா படித்தேன். பிறகு துப்பாக்கி உதிரி பாகங்கள் செய்யும் ஆலையொன்றில் அளவு பார்க்கும் பிரிவில் பதினோரு வருடம். அங்கே எங்கள் ஃபோர்மேன் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: மற்ற எண்களோடு ஒட்டாமல் தனியாக நிற்கிற எண்ணை நம்பாதே, அடித்துவிடு. நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். அந்தப் பழக்கத்தோடுதான் அல் ஐனுக்கு விமானம் ஏறினேன்.

நான் சைவக் குடும்பத்துக்காரன், முட்டைகூடத் தொடமாட்டேன். அப்படிப்பட்டவன் வேட்டைத் தோட்டாவை எடை போடுகிற வேலைக்கு வந்தது கடவுளின் கிண்டல் என்று என் மனைவி மீனா சொல்வாள். வெளியே கேட்பவர்களிடம் அவள், "அவருக்கு அளவுக் கருவிக் கம்பெனியில வேலை" என்பாள். வெள்ளிக்கிழமை தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்தில் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் பேச்சை வெயிலுக்குத் திருப்பிவிடுவேன். கடையிலோ, வாடிக்கையாளர்கள் மலையில் சுட்ட கதையைச் சொல்லிக்கொண்டு கறிச்சோற்றுத் தட்டைச் சுற்றி உட்காரும்போது நான் காருக்குள் போய்த் தயிர்சாதம் சாப்பிடுவேன். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பத்தொன்பது வருடம் அப்படித்தான் போனது.

கடையின் முதலாளியை எல்லோரும் அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் ஹமத். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அப்போது அறுபதைத் தாண்டியிருந்தார். அவர் பேசுவதில் பாதி அரபி, பாதி ஹிந்தி. பேசுவதே குறைவு. அவர் என்னைத் திட்டியதில்லை, பாராட்டியதும் இல்லை. நான் கொடுக்கும் தாளை வாங்கிக் கடைசி வரி வரை விரல் வைத்துப் படிப்பார். பிறகு மடித்து மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். பைக்குள் போனால் சரி என்று அர்த்தம். அந்த மடிப்புக்காகவே நான் வேலை செய்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

இங்கே வேட்டைக்குத் தடை உண்டு. அதனால் வசதி உள்ளவர்கள் வெளிநாட்டு மலைகளுக்குப் போவார்கள். அர்பாப் ஒவ்வோர் அக்டோபரிலும் மத்திய ஆசியப் பக்கம் மலையாடு வேட்டைக்குப் போவார். வருடத்தில் அந்தப் பத்து நாளுக்காகத்தான் மற்ற நாட்களை அவர் தள்ளிக்கொண்டிருந்தார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் அபுதாபியில். அவர் வீட்டுக் கூடத்தில் பெரிய கொம்புகள் மாட்டியிருக்கும். நான் பார்த்தவரை, அவற்றின் கீழே அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்.

அந்த வருடம் அவர் வலது தோளில் அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். இருபது வருடமாக அவர் சுட்டு வந்த பழைய தோட்டா தோளைப் பலமாக உதைக்கும். டாக்டர் அது கூடாது என்றுவிட்டார். அந்தச் சமயத்தில்தான் புதுத் தோட்டா ஒன்று சந்தைக்கு வந்தது. கூடு சிறியது, குண்டு மெல்லியது, உதை பாதிதான், ஆனால் வேகம் அதிகம் என்று விளம்பரம். அர்பாப் ஒரு பெட்டியை என் மேசைமேல் வைத்தார்.

"ராஜ், இது என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போகுமா, பாத்துச் சொல்லு. இல்லன்னா நான் வீட்டுல இருக்கேன்."

அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் எடை. இன்னும் இரண்டு பெட்டிகளை வரவழைத்து, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் பத்துத் தோட்டாக்களைப் பிரித்து, கூடு தனி, வெடிமருந்து தனி, குண்டு தனி என்று எடை போட்டு எழுதினேன். மருந்தின் எடை ஒன்றுக்கொன்று மாறினால் வேகம் மாறும், வேகம் மாறினால் குண்டு விழும் இடம் மாறும். அந்தப் புதுத் தோட்டா அந்த விஷயத்தில் தங்கம். மூன்று பெட்டியிலும் எடை ஒன்றாகவே இருந்தது. அடுத்து, நனைத்த பழைய செய்தித்தாள் கட்டுகளைச் சுட்டு, குண்டு உள்ளே போய் எப்படி விரிகிறது என்று பார்த்தோம். இது அர்பாபுக்கு முக்கியம். இறைச்சி ஹலாலாகச் சுடும்போது இறைவன் பெயரைச் சொல்லிவிட்டாலே போதும் என்பவர்கள் உண்டு. அவருக்கு அது போதாது. ஆடு விழ வேண்டும், ஆனால் அவர் போய்த் தன் கையால் கத்தி வைக்கும் வரை அதற்கு மூச்சு இருக்க வேண்டும். சதையைச் சிதறடிக்கிற குண்டு அவருக்கு ஆகாது. கம்பெனி விளம்பரத் தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது, நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கட்டைப் பிரித்துக் குண்டை எடுத்துப் பார்த்தபோது அது அளவாக விரிந்திருந்தது. அர்பாப் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கடைசியில் குளிர். மருந்து சூட்டில் ஒரு மாதிரி எரியும், குளிரில் ஒரு மாதிரி எரியும். குளிரில் வேகம் எவ்வளவு குறைகிறது என்று தெரியாமல் மலைக்குப் போனால் எல்லாம் வீண். ஆகஸ்ட் மாதத்து அல் ஐனில் குளிருக்கு எங்கே போவது? கடையின் ஃப்ரீசரில் தோட்டாக்களை இரண்டு நாள் வைத்து, ஐஸ் நிரப்பிய பெட்டியில், சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கொண்டு போனேன். பெட்டிக்குள் வெப்பமானியும் வைத்தேன். மலையில் விடியற்காலை என்ன குளிர் இருக்குமோ அதே குளிர். எனக்கு என் சாமர்த்தியத்தில் பெருமை தாங்கவில்லை.

என்னிடம் உரிமம் கிடையாது, அதனால் நான் சுடக்கூடாது. பத்தொன்பது வருடத்தில் ஒரு முறைகூட விசையைத் தொட்டதில்லை. அர்பாப் சுடுவார், நான் வேகம் அளக்கும் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணை எழுதுவேன். அவர் சுடுகிற விதத்தை இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஐஸ் பெட்டியிலிருந்து நான் எடுத்துக் கொடுக்கும் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றி மூடுவார். பாயில் படுத்து உடம்பைச் சரி செய்வார். கண்ணை மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். சுடுவது காகிதத்தை என்றாலும் சரி, பெயரைச் சொல்லாமல் விசையைத் தொடமாட்டார். பிறகு கண்ணைத் திறந்து, மூச்சை இழுத்து, பாதியை விட்டு, நிறுத்தி, அதன் பிறகுதான் சுடுவார். ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடமும் நான் அசையாமல் இருப்பேன். ரேஞ்சில் எவ்வளவோ பேர் சுட்டுப் பார்த்திருக்கிறேன். அவர் கையைப் போல் ஒரு கையைப் பார்த்ததில்லை. நாணயத்தைக் குழல்மேல் வைத்தால் விழாது.

குளிர்ந்த தோட்டாவின் வேகம் சூடான தோட்டாவின் வேகத்தைவிடக் கொஞ்சமே குறைவாக வந்தது. ஒவ்வொரு நாளும் முதல் குண்டு மட்டும் நிறையக் குறைவாகக் காட்டியது. மற்ற எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. முதல் எண் மட்டும் தனியே நின்றது. குழல் இன்னும் பதப்படாததால் அப்படி இருக்கும் என்று நினைத்து அதன்மேல் கோடு போட்டு அடித்தேன். சோதித்த ஐந்து நாளும் அடித்தேன்.

தூரத்துக்கு ஏற்ப எவ்வளவு உயர்த்திச் சுட வேண்டும் என்ற பட்டியலைத் தயார் செய்து கொடுத்தேன். அர்பாப் விரல் வைத்துப் படித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு அதை லேமினேட் செய்து துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று வீட்டுக்குப் போய் மீனாவிடம் கேசரி செய்யச் சொன்னேன்.

அக்டோபர் கடைசியில் அவர் திரும்பி வந்தார். கடைக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

"பெரிய ஆடு, ராஜ். நானூத்தம்பது மீட்டர். காத்து மாஃபி, இல்லவே இல்ல. ஒண்ணும் அசையல. குண்டு ஒரு சாண் கீழே போச்சு. முன்னங்கால் உடைஞ்சுது."

"அப்புறம், அர்பாப்?"

"மூணு காலில் ஏறிப் போயிடுச்சு. ரெண்டு நாள் தேடினோம். ரத்தம் தெரிஞ்ச வரைக்கும் போனோம். அப்புறம் பனி மூடிடுச்சு."

ஓர் உயிரை அரைகுறையாக விட்டுவிட்டு வந்தது அவரை எப்படிக் குடைந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. நான் பட்டியலைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"உன் காகிதம் சரி. நான் அஞ்சு நாள் உன் பக்கத்துல படுத்துச் சுட்டேனே, எனக்குத் தெரியாதா? கைதான் கலாஸ், முடிஞ்சுது. வயசாயிடுச்சு. இனி போகமாட்டேன்."

துப்பாக்கியை மறுநாளே தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தவறு என் தாளில் இல்லை என்று அவரே சொல்லிவிட்டாரல்லவா.

டிசம்பரில் அதே தோட்டாவில் இன்னொரு பெட்டி வந்தது. வேறொரு வாடிக்கையாளருக்காகச் சோதிக்க வேண்டும். அர்பாப் ரேஞ்சுக்கு வருவதை விட்டிருந்தார், அதனால் காலித் என்ற ரேஞ்சுக்காரர் சுட்டார். அவருக்கு எல்லாமே ஜல்தி. ஐஸ் பெட்டியிலிருந்து நான் கொடுக்கும் குளிர்ந்த தோட்டாவை வாங்குவார், ஏற்றுவார், மூடின கையோடு சுட்டுவிடுவார். முதல் எண் குறைவாக வந்தது. வழக்கம்போல் கோடு போட்டேன். இரண்டாவதும் குறைவாக வந்தது. மூன்றாவதும் அப்படியே. பத்தும் குறைவாகவே வந்தன. நான் ஆகஸ்டில் அடித்துப்போட்ட அந்த முதல் எண்கள் இருந்த இடத்திலேயே பத்தும் நின்றன.

காலித்திடம் குழலைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. டிசம்பரிலேயே அப்படி என்றால் ஆகஸ்டில்? அர்பாப் கண்ணை மூடிப் பெயரைச் சொல்லி மூச்சைச் சீராக்கிய அந்த ஒரு நிமிடம் முழுவதும், நான் ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டு வந்த குளிர்ந்த தோட்டா, கொதிக்கிற குழலுக்குள் கிடந்து சூடாகிக்கொண்டிருந்தது. நாங்கள் குளிரை அளக்கவே இல்லை. குழல் ஆறியிருந்த முதல் குண்டில் மட்டும்தான் குளிர் இருந்தது. அதைத்தான் நான் அடித்திருந்தேன். மலையில் காலையில் சுடும் குண்டு ஒவ்வொன்றும் முதல் குண்டுதான்.

ஐந்து நாளும் அவர் பக்கத்தில் இருந்தேன். தோட்டா உள்ளே எவ்வளவு நேரம் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒருவேளை அப்போதே உறைத்திருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். ஒரு மனிதர் கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சீக்கிரம் முடியுங்கள் என்று எப்படிச் சொல்வது? பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு தோட்டாவை ஏற்றுங்கள் என்று கேட்டிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் போதும். அது எனக்குத் தோன்றவில்லை.

சுதர்சினி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எந்தத் தோட்டா வந்தாலும், குழலை முழுதாக ஆறவிட்டு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு குண்டு சுடச் சொல். அந்த எண்ணை எழுது. பத்து நாள் ஆனாலும் ஆகட்டும். கம்ப்யூட்டரிடம் அதற்குப் பிறகு பேசிக்கொள். வேலைக்கு வேண்டியது இவ்வளவே, இனி எழுதுவது எனக்காக.

டிசம்பரில் கண்டுபிடித்த அன்றே பட்டியலைத் திருத்தினேன். கடையில் இருந்த பழைய தாள்களைக் கிழித்துப்போட்டுப் புதியதை வைத்தேன். அர்பாபின் மருமகனையும் வரவழைத்து, துப்பாக்கிக் கட்டையில் இருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத்தாளை ஒட்டிக் கொடுத்தேன். "திருத்திய பதிப்பு" என்றேன். யாரும் காரணம் கேட்கவில்லை. இனி யாருக்கும் அந்தத் தவறு நேராது. அர்பாபிடம் மட்டும் சொல்லவில்லை.

சொன்னால் வேலை போகும் என்று பயந்தேன். வேலை போனால் விசா போகும், எங்கள் மூவரின் இருப்பும் அதில்தான் தொங்கியது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். மீனாவிடம் சொன்னேன். அவள் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவரு உங்களைக் குத்தம் சொன்னாரா?"

"இல்ல."

"அப்புறம் என்னங்க? பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும். அதுக்கப்புறம் போய்ச் சொல்லிக்கலாம்."

மார்ச்சில் பரீட்சை முடிந்தது. மதிப்பெண் வரட்டும் என்றேன். நானாகத்தான் சொல்லிக்கொண்டேன், அவள் சொல்லவில்லை. அந்த மாதங்களில் அர்பாப் தினமும் கடைக்கு வந்து மூலையில் உட்காருவார். வாடிக்கையாளர்கள் மலைக்குக் கூப்பிட்டால் சிரித்துத் தலையை ஆட்டிவிடுவார். நான் காருக்குள் தயிர்சாதத்தை வைத்துக்கொண்டு அவரைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பல நாள் டப்பாவைத் திறக்காமலே திரும்பிக் கொண்டு போயிருக்கிறேன். அவ்வளவு தனியாக நான் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, மீனா போன பிறகும்கூட. அவள் போனதில் என்மேல் தப்பில்லை.

மே மாதம் ஒரு முற்பகல், கடையில் யாரும் இல்லாத நேரம், இரண்டு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். ஆகஸ்ட் நோட்டில் அடித்த எண்களைக் காட்டினேன். டிசம்பர் நோட்டைப் பக்கத்தில் வைத்தேன். குழல், சூடு, அந்த ஒரு நிமிடம், எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். எப்போது கண்டுபிடித்தேன் என்பதையும் சொன்னேன். அவர் விரல் வைத்து இரண்டு பக்கத்தையும் கடைசி வரி வரை படித்தார்.

"அப்போ அன்னிக்கு என் கை நல்லாத்தான் இருந்துச்சு?"

"ஆமா அர்பாப். உங்க கை சரி. என் காகிதம்தான் தப்பு. மன்னிச்சிடுங்க."

அவர் நோட்டை மூடவில்லை. இரண்டு கைகளையும் அதன்மேல் விரித்து வைத்தார்.

"ஏழு மாசமா தினமும் எழுந்ததும் இதைத்தான் பாக்குறேன், ராஜ். நடுங்குதா, நடுங்குதான்னு. முதல்ல ஒண்ணுமில்ல. பாத்துக்கிட்டே இருந்தேன். இப்போ நடுங்குது."

வலது கையின் விரல்கள் காகிதத்தின்மேல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அவர் அடக்கப் பார்த்தார், நிற்கவில்லை. டிசம்பரிலேயே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அவர் அதைக் கேட்கவும் இல்லை. நோட்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு, "போ, வேலையைப் பாரு" என்றார்.

என்னை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்குப் பிறகு நான் கொடுத்த தாள்களை வாங்கிப் படிப்பார், மேசைமேலேயே வைத்துவிட்டுப் போவார். நான் ஓய்வு பெறும் வரை என் விசாவைப் புதுப்பிக்கும் தாளிலும் அவரே கையெழுத்துப் போட்டார். கடைசித் தடவை பேனாவை எடுத்தவரால் சட்டென்று போட முடியவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். தாள் நகர்ந்துவிடாமல் நான் எதிரே குனிந்து அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.